கணினித் துறையில் பிஹெச்.டி.: எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது?

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், கணினித் துறைப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்திருக்கிறார். நம் பிளாக்குகளில் பலரும் கேட்ட கேள்விகளாம். முதல் கேள்வி: "பிள்ளை பிஹெச்.டி. செய்யணும்னு சொல்றான், எங்கே சேர்க்கலாம்?" இரண்டாவது: "எவ்வளவு செலவாகும்?"

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கணினித் துறையில் முழுநேர ஆய்வு என்றால் நீங்கள் லட்சக்கணக்கில் கட்டக் கூடாது. உங்கள் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் வர வேண்டும். நல்ல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. பணம் வராத இடத்தில் சேரத்தான் வேண்டுமா என்று பலமுறை யோசியுங்கள்.

முதல் கேள்வி கொஞ்சம் நீளமானது. அதில் 'சேர்க்கலாம்' என்ற சொல்லே எனக்கு இடிக்கிறது. பி.இ. படிப்பில் சேர்க்கலாம். கவுன்சிலிங் இருக்கிறது, கட்-ஆஃப் இருக்கிறது, கல்லூரிகளை வரிசைப்படுத்திய பட்டியல் இருக்கிறது. பிஹெச்.டி.யில் அந்தப் பட்டியல் பாதி உதவும், பாதி ஏமாற்றும். ஏனென்றால் அங்கே நீங்கள் தேடுவது ஒரு ஆளை. நான்கைந்து வருடம் உட்கார்ந்து யோசிக்கத் தகுந்த ஒரு கேள்வியை வைத்திருக்கிற ஆளை.

இதற்கு நல்ல உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியைத் தெரியாதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே வந்த கல்லூரி. அங்கே கணிதத் துறையில் ராணி சிரோமணி என்ற பேராசிரியர் இருந்தார். அவர் கணவர் கிஃப்ட் சிரோமணி அதே கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். இந்திய ஊர்களில் பெரும்பாலானோர் கணினியைக் கண்ணால் பார்த்திராத காலத்தில், இந்த அம்மையார் கணினிக் கோட்பாட்டில் ஆய்வு செய்தார். மொழிக்கு இலக்கணம் இருப்பது போல, படங்களுக்கும் இலக்கணம் எழுத முடியுமா என்பது அவர் கேள்வி. 1972-ல் அது பற்றிய முக்கியமான கட்டுரை வெளிவந்தது. 1974-ல் இன்னொன்று, அதன் பொருள் என்ன தெரியுமா? கோலம். நம் வாசலில் போடுகிற புள்ளிக் கோலம்தான். சின்னக் கோலத்திலிருந்து ஒரே விதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திப் பெரிய கோலத்துக்குப் போகிறோம் அல்லவா? அந்த விதியைக் கணினிக்குப் புரியும் இலக்கணமாக எழுதினார்கள். கட்டுரையாளர்கள் மூவர்: கணவன், மனைவி, மூன்றாவதாக கமலா கிருத்திவாசன். அவர் ராணி சிரோமணியிடம் ஆய்வு செய்தவர், பின்னாளில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் கணினித் துறைப் பேராசிரியராகப் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார்.

கமலா அம்மையாரின் இடத்தில் உங்கள் பெண்ணை வைத்துப் பாருங்கள். கல்லூரியின் பெயர்ப் பலகையில் 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் அந்த வாய்ப்பு கிடைத்திருக்காது. கணிதத் துறைக்குள் இருந்த ஒருவரிடம்தான் கேள்வி இருந்தது. இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

இங்கே இன்னொரு விஷயம். கணினி சார்ந்த ஆய்வு என்றால் கணினித் துறை மட்டும் என்று நினைக்காதீர்கள். கணக்கீட்டு அறிவியல் என்று ஒரு பெரிய பரப்பு இருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், சிவில் இன்ஜினியரிங் கேள்விகளைக் கணினியில் போட்டு விடை தேடுவது. அது எதற்கு என்று முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்தில் 47. அத்தனை தண்ணீர் எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும், எத்தனை மணிக்கு வரும், அந்த நேரத்தில் கடலில் ஓதம் ஏறியிருந்தால் அடையாற்று நீர் வெளியேறுமா என்று முன்கூட்டியே சொல்வது ஒரு கணக்கு. மிகப் பெரிய கணக்கு. அந்த வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கென்று ஒரு வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பு உருவானது. பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், ஐ.ஐ.டி. பம்பாய், ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து செய்தது. இப்படிப்பட்ட வேலையில் சிவில் படித்தவரும் கணிதம் படித்தவரும் புரோகிராமரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருக்கிறது. எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்த பெண்ணுக்கு "கம்ப்யூட்டர் ரிசர்ச்" கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, எங்கே தேடுவது? நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். தாம்பரத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால், நாட்டில் வேறு எந்தப் புறநகருக்கும் எளிதில் வாய்க்காத வரிசை இது. வடக்கே கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், அதாவது 'மேட்சயின்ஸ்'. 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது. அங்கே கோட்பாட்டுக் கணினியியலும் கணக்கீட்டு உயிரியலும் இருக்கின்றன. அதே தரமணியில் மத்திய அரசின் கட்டுமானப் பொறியியல் ஆராய்ச்சி மையம். காற்றும் நிலநடுக்கமும் கட்டடத்தை என்ன செய்யும் என்பதைக் கணினியிலும் சோதனைக் கூடத்திலும் பார்ப்பவர்கள். பள்ளிக்கரணையில் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், காற்றாலை ஆற்றல் நிறுவனம். கிழக்கே சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம், சி.எம்.ஐ.; ராணி சிரோமணி தன் கடைசிக் காலத்தில் அங்கேயும் பேராசிரியராக இருந்தார், 2019-ல் காலமானார். வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மத்திய அரசின் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். ஜி.எஸ்.டி. சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் உள்ள தனியார் பல்கலைக்கழகங்களை உங்களுக்கே தெரியும், பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் படிக்கிறார்கள். இன்னும் தெற்கே போனால் கல்பாக்கம். அணு உலைக்குள் வெப்பமும் உலோகமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணினியில் கணக்கிடும் ஆய்வு மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் சேர்ந்தால் பட்டம் யார் தருவார்கள் என்ற சந்தேகம் வரும். தரமணி மேட்சயின்ஸுக்கும் கல்பாக்கத்துக்கும் ஹோமி பாபா தேசியப் பல்கலைக்கழகம். கட்டுமான மையம் போன்ற சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களுக்கு ஏசிஎஸ்ஐஆர் என்கிற அகாடமி. இரண்டும் முறையான பட்டம்தான்.

வாசல் ஒவ்வொன்றுக்கும் சாவி வேறு. கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும்; ஐ.ஐ.டி.களுக்கும் பொறியியல் பக்கம் பெரும்பாலான இடங்களுக்கும் அது வேண்டும். 2024 முதல் டேட்டா சயின்ஸ் மற்றும் செயற்கை நுண்ணறிவுக்கென்று தனி கேட் தாள் வந்திருக்கிறது. எம்.சி.ஏ., எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு யு.ஜி.சி. நெட், அதில் கணினி அறிவியல் தாள் உண்டு. ஆண்டுக்கு இருமுறை, ஜூன் பருவம், டிசம்பர் பருவம். சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் கணினிக்குத் தாள் இல்லை, ஆனால் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், புவி அறிவியல் இருக்கிறது. கணக்கீட்டு அறிவியலுக்குப் போகிறவர்கள் அதை எழுதலாம். கோட்பாட்டுக் கணினியியலுக்கு ஜெஸ்ட் என்று ஒரு தேர்வு, மேட்சயின்ஸ் போன்ற இடங்களுக்கு. சி.எம்.ஐ. தன் நுழைவுத் தேர்வைத் தானே நடத்துகிறது, வழக்கமாக மே மாதம்.

2024 முதல் நெட் தேர்விலேயே "பிஹெச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி" என்று ஒரு பிரிவு வந்துவிட்டது. உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டாலும் அந்த மதிப்பெண்ணை வைத்துப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கலாம், ஒரு வருடம் செல்லும். இதைப் பல பேர் கவனிப்பதில்லை. "ஜே.ஆர்.எஃப். போச்சு" என்று தாளைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

பணக் கணக்கு. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. ஐ.ஐ.டி. உதவித்தொகையும் ஏறத்தாழ இதே அளவு. அதற்கு மேல் பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று ஒன்று உண்டு, 2018-ல் தொடங்கியது. முதல் இரண்டு வருடம் மாதம் 70,000, மூன்றாம் வருடம் 75,000, அடுத்த இரண்டு வருடம் 80,000, அது போக ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம். 2025-26 பட்ஜெட்டில் அந்தத் திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு 10,000 இடங்கள் என்று அறிவித்தார்கள். விதிமுறைகள் மாறிக்கொண்டிருக்கும், விண்ணப்பிக்கிற வருடத்து அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஆகியோருக்குத் தேசிய உதவித்தொகைகள் தனியாக உள்ளன. தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐ.டி. கம்பெனிச் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டால் குறைவுதான். மறைக்க வேண்டியதில்லை. 24 வயதில் மாதம் 37,000 வாங்கிக்கொண்டு, 29 வயதில் வெளியே வரும்போது கூடப் படித்தவன் பள்ளிக்கரணையில் ஃபிளாட் வாங்கியிருப்பான். வீட்டில் கல்விக் கடன் இருந்தால், தங்கை கல்யாணம் இருந்தால், அதை முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். மூன்றாம் வருடத்தில் பேசினால் பிள்ளை பாதியில் விட்டுவிட்டு வருவான். பட்டமும் இருக்காது, அனுபவச் சான்றிதழும் இருக்காது.

விளம்பரத்தில் வராத வாசல் ஒன்றைச் சொல்கிறேன். பேராசிரியர்களுக்கு அரசிடமிருந்தும் கம்பெனிகளிடமிருந்தும் ஆய்வுத் திட்டங்கள் வரும். அந்தத் திட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள்: திட்ட உதவியாளர், ஜே.ஆர்.எஃப். என்ற பெயர்களில். அறிவிப்பு அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு மூலையில், இரண்டு வாரம் மட்டும் இருக்கும். செய்தித்தாளில் வராது. அப்படி ஆறு மாதம், ஒரு வருடம் வேலை செய்தால் இரண்டு பக்கமும் தெளிவு கிடைக்கும். இந்தப் பிள்ளைக்கு ஆய்வு வருமா என்று பேராசிரியருக்குத் தெரியும். இந்த மனிதரோடு ஐந்து வருடம் தள்ள முடியுமா என்று பிள்ளைக்கும் தெரியும். என்னைக் கேட்டால், சந்தேகம் உள்ள ஒவ்வொரு மாணவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். என்ற படிப்பும் ஏறக்குறைய இப்படி ஒரு முன்னோட்டம்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: கைடு. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர் வரை, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வழிநடத்தலாம். அதனால் இடம் இருக்கிறதா என்பது வருடத்துக்கு வருடம் மாறும். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம் என்று அதே விதி சொல்கிறது. ஆனால் விதி சொல்வது ஒன்று, அந்தக் குறிப்பிட்ட கைடிடம் நடப்பது ஒன்று. அதை நீங்களே வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கலாம், ஒரு பைசா செலவில்லாமல்.

'ஷோத்கங்கா' என்று ஒரு இணையக் களஞ்சியம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் அதில் இருக்கின்றன. கைடு பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் கடைசியாக யார் முடித்தார்கள், எந்த வருடம் பதிவு செய்து எந்த வருடம் முடித்தார்கள் என்று பல ஆய்வேடுகளில் தெரியும். ஒன்றைத் திறந்து இருபது பக்கம் படியுங்கள். உங்கள் மகளுக்கு அது சுவாரசியமாக இருக்கிறதா? பத்து வருடமாக ஒரே தலைப்பில் சொல்லை மட்டும் மாற்றி மாற்றி ஆய்வேடு வருகிறதா? அடுத்து 'டிபிஎல்பி' என்ற தளம், ஜெர்மனியிலிருந்து நடத்துகிறார்கள். உலகத்தில் கணினித் துறையில் யார் எங்கே கட்டுரை வெளியிட்டார் என்று வரிசையாகக் காட்டும். நம் துறையில் பத்திரிகைகளைவிட நல்ல மாநாடுகளில் வரும் கட்டுரைக்குத்தான் பல பிரிவுகளில் மதிப்பு அதிகம். காசு கட்டினால் மூன்று நாளில் போட்டுத் தருகிற பத்திரிகைகளில் மட்டும் ஒருவர் எழுதியிருந்தால், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் விலகி நில்லுங்கள்.

அதற்குப் பிறகு அவரிடம் இப்போது படிக்கிற மாணவர் ஒருவரோடு டீக்கடையில் பேசுங்கள். கைடு இல்லாத நேரத்தில். உதவித்தொகை ஒழுங்காக வருகிறதா? ஐந்தாம் வருடத்தில் அது நின்றால் யார் தருகிறார்கள்? வாரத்தில் எத்தனை முறை சந்திக்கிறார்? கைடு ஊருக்குப் போனால் அவர் வகுப்பையும் விடைத்தாளையும் யார் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு மாணவர் சிரித்து மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

ஆளைத் தேர்ந்த பிறகு கடிதம் எழுதுவது. நான் பணியில் இருந்த காலத்தில் தினமும் மெயில் வரும். "மதிப்புக்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில், தங்கள் மேலான வழிகாட்டுதலில்..." என்று தொடங்கும். மேலே இன்னொரு பேராசிரியர் பெயரை மாற்ற மறந்திருப்பார்கள். ஐம்பது பேருக்கு ஒரே கடிதம். அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. பதில் வர வேண்டுமென்றால் இப்படி இருக்கட்டும்:

"நான் எம்.எஸ்ஸி. கணிதம் இறுதியாண்டு. நகர வெள்ளக் கணிப்பு பற்றி உங்கள் குழு வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அதில் கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கணக்கிடும் நேரம் எவ்வளவு கூடும் என்ற அட்டவணையை என் லேப்டாப்பில் சிறிய அளவில் செய்து பார்த்தேன். முதல் மூன்று வரிசை ஒத்துப் போகிறது, கடைசி வரிசையில் எனக்கு வேறு விடை வருகிறது. என் புரோகிராமை இணைத்திருக்கிறேன். நெட் எழுதியிருக்கிறேன், மதிப்பெண் இது. ஜூலைப் பருவத்தில் உங்களிடம் இடம் இருக்குமா?"

அவ்வளவுதான். பத்து வரி. பின்னால் பயோடேட்டா ஒன்றரைப் பக்கம். இதை எழுத ஒரு வாரம் ஆகும், ஏனென்றால் அந்தக் கட்டுரையை உண்மையிலேயே படித்துச் செய்து பார்க்க வேண்டும். அந்த ஒரு வாரம் சலிப்பாக இருந்தால், ஐந்து வருடம் எப்படி இருக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் வேண்டாம். பெற்றோர் ஃபோன் செய்வது அறவே வேண்டாம். மன்னிக்கணும், ஆனால் சொல்லியே ஆக வேண்டும்: நேர்முகத் தேர்வுக்கு அப்பா கூட வந்து கதவோரம் நிற்பதும் வேண்டாம். காரில் கொண்டு விட்டுவிட்டு கிண்டி ஸ்டேஷன் பக்கம் காபி குடியுங்கள்.

ஒரு நுணுக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை, ஜனவரி, ஜூலைப் பருவங்கள். இணைப்புக் கல்லூரிகளின் ஆய்வு மையங்களிலும் சேரலாம். அங்கெல்லாம் கைடை முன்கூட்டியே பார்த்துப் பேசுவது முக்கியம். ஐ.ஐ.டி.யில் தேர்வுக் குழு எழுத்துத் தேர்வும் நேர்முகமும் வைக்கும். ஒரு பேராசிரியர் "சரி" என்று சொல்வதால் மட்டும் இடம் உறுதியாகாது. இணைப்புக் கல்லூரிகளில் எல்லா இடத்திலும் உதவித்தொகை இருக்காது. "பார்த்துக்கலாம்" என்ற வார்த்தையை நம்பாமல், தொகை எவ்வளவு, எத்தனை வருடம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கு: மெப்ஸிலும் சிறுசேரியிலும் வேலை பார்க்கிற நம்மவர்கள் பகுதிநேரப் பிஹெச்.டி. செய்யலாம், யு.ஜி.சி. விதி அனுமதிக்கிறது. கம்பெனியிடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அலுவலக வேலையும் ஆய்வுக் கேள்வியும் ஒரே திசையில் இருந்தால் மட்டும் தொடுங்கள். பகலில் பேங்க் மென்பொருள், இரவில் மூலக்கூறு உயிரியல் என்றால் இரண்டாம் வருடமே மூச்சு வாங்கும்.

பிள்ளை பெற்று வேலையை விட்ட பெண்கள் நம் குடியிருப்பில் பலர், எம்.இ., எம்.சி.ஏ. முடித்தவர்கள். "முப்பத்தைந்து வயசாச்சு சார்" என்கிறார்கள். பிஹெச்.டி.யில் சேரப் பெரும்பாலான இடங்களில் வயது வரம்பே இல்லை. ஜே.ஆர்.எஃப்.க்கு யு.ஜி.சி. வைத்திருக்கும் 30 வயது வரம்பிலும் பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண்களுக்கென்றே 'வைஸ்-பிஹெச்.டி.' என்ற உதவித்தொகையைத் தருகிறது. யு.ஜி.சி. விதியில் பெண்களுக்குப் படிப்பை முடிக்கக் கூடுதலாக இரண்டு வருடமும், மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் இருக்கிறது. இந்த வீடுகளில் மாமியார், கணவர் யாராவது உட்கார்ந்திருந்தால், உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வெளிநாடு. இதற்கே தனிக் கூட்டம் போடலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளில் பிஹெச்.டி. என்பது பெரும்பாலும் ஒரு வேலை. பல்கலைக்கழகம் வேலைக்கு ஆள் எடுப்பது போலவே அறிவிப்பு வெளியிடும், ஒப்பந்தம் போடும், சம்பளம் தரும், வரி பிடிக்கும். வருடம் முழுவதும் அறிவிப்புகள் வரும். 'யூராக்சஸ்' என்ற ஐரோப்பியத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் மாக்ஸ் பிளாங்க் கணினியியல் நிறுவனம், ஆம்ஸ்டர்டாமில் பைத்தான் மொழி பிறந்த சி.டபிள்யூ.ஐ. ஆகிய இடங்களைப் பிள்ளைகள் பார்த்து வைக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வு வலையமைப்புகளுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். நிபந்தனை, சேருகிற நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை: ஜெர்மனியில் சொந்தக் காசில் எம்.எஸ். படிக்கப் போனவர் அதே ஜெர்மனி இடத்துக்குத் தகுதி இழக்கலாம், தாம்பரத்திலிருந்து விண்ணப்பிக்கிறவருக்குத் தகுதி இருக்கும்.

அமெரிக்காவில் முதுநிலை இல்லாமலேயே பிஹெச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். டிசம்பர் மாதம் கடைசித் தேதி, சேர்வது அடுத்த ஆகஸ்டில். நல்ல துறைகளில் கட்டணம் தள்ளுபடி, மாதச் சம்பளம். கடன் வாங்கி எம்.எஸ். போவதும் பிஹெச்.டி.யும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். முதலாவதுக்கு வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போகிறது, இரண்டாவதுக்குப் போகக் கூடாது. விசா நிலவரம் அடிக்கடி மாறுகிறது, அதனால் ஒரு நாட்டை மட்டும் நம்பி ஒரு வருடத்தை வைக்காதீர்கள். பிரிட்டனில் அரசு நிதி பெறும் இடங்களில் வெளிநாட்டவருக்கு 30 சதவீதத்துக்கு மேல் இல்லை, போட்டி அதிகம்.

கடைசியாக, ஏமாற்று வேலை. ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸில் போகும்போதே "ஒன்றரை வருடத்தில் பிஹெச்.டி., ஆய்வேடும் நாங்களே" என்ற போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். விதியே குறைந்தது மூன்று வருடம் என்கிறபோது ஒன்றரை வருடம் எங்கிருந்து வரும்? வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆன்லைன் நிறுவனங்கள் தரும் பிஹெச்.டி. செல்லாது என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 அக்டோபரிலேயே எச்சரித்தன. 2025 ஜனவரியில் ராஜஸ்தானில் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து வருடத்துக்குப் பிஹெச்.டி. மாணவர் சேர்க்கக் கூடாது என்று யு.ஜி.சி. தடை போட்டது, விதிகளைப் பின்பற்றாததால். ஆள் எழுதிக் கொடுத்த ஆய்வேட்டோடு ஆசிரியர் வேலைக்குப் போனால், பத்து வருடம் கழித்து யாராவது ஒருவர் மென்பொருளில் போட்டுப் பார்த்தாலே போதும். வேலையும் போகும், பெயரும் போகும்.

நேரமாகிவிட்டது, காபி ஆறுகிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நம் நூலக அறையில் இருப்பேன். பிள்ளைகள் மட்டும் வரட்டும், லேப்டாப்போடு. ஆளுக்கு ஒரு கைடு பெயரை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஷோத்கங்காவில் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை எடுத்து, யார் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று சேர்ந்து எண்ணுவோம். வைஃபை பாஸ்வேர்டு செக்யூரிட்டியிடம் இருக்கிறது.